ஆளுக்கொரு புத்தகம் என்ற கணக்கு: பிற மத நூல்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சினிமாக்களில் நீதிமன்றக் காட்சி வந்தால் சாட்சி முன்னால் ஒரு புத்தகத்தை நீட்டுவார்கள். இந்துவுக்குக் கீதை, முஸ்லிமுக்குக் குர்ஆன், கிறிஸ்தவருக்குப் பைபிள். (1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் தரும் வாசகத்தில் கை வைக்க எந்த நூலும் இல்லை என்பது வேறு விஷயம்.) மதத்துக்கு ஒரு புத்தகம், அதைப் படித்துவிட்டால் மதமே புரிந்துவிடும் என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நம் ஊர் சைவர் ஒருவரிடம் கீதையைப் பற்றிக் கேட்டால் அவர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரம்தான் அவருக்குத் திருமுறை. வைணவக் கோயிலில் நாலாயிரத்தைக் கோஷ்டியாகச் சேவிப்பார்கள். ரிக் வேதத்தின் 1,028 சூக்தங்களும் ஓதுவதற்காகவே இருந்தவை. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் கோத்து ஓதிப் பழகியதால்தான் ஏடு இல்லாமலே தலைமுறை தாண்டின. பௌத்தர்களின் பாலி திரிபிடகமும் பிக்குகளின் வாய்வழியாகவே வந்து, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையின் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் ஏட்டில் ஏறியது என்பது மரபு. ஆகவே, எழுதியது பிந்தி என்றால் இயற்றியதும் பிந்தித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

குரு கிரந்த சாகிபைச் 'சீக்கியர்களின் பைபிள்' என்பதும் பொருந்தாது. 1708-இல் பத்தாவது குருவான கோவிந்த் சிங் தமக்குப் பின் அதையே குருவாக ஏற்கச் சொன்னதாகச் சீக்கிய மரபு கூறுகிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் விடியற்காலை அந்த நூலைப் பல்லக்கில் அழைத்து வந்து, இரவில் திரும்ப அழைத்துப் போய்த் துயில வைக்கிறார்கள். 1,430 பக்கங்களுக்குள் கபீர், நாமதேவர், ஷேக் ஃபரீது பாடல்களும் இருக்கின்றன. ஒரு மதத்தின் நூலில் அந்த மதத்தவர் பாட்டு மட்டுமே இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது ஒற்றை வசனத்தை உருவி வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம். "கண்ணுக்குக் கண்" என்று பழைய ஏற்பாட்டின் யாத்திராகமத்தில் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு நஷ்டஈட்டுப் பணம் என்றே பொருள் என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ரபிகள் என்ற யூத மத அறிஞர்கள் நீண்ட விவாதம் நடத்தி நிலைநாட்டிவிட்டார்கள். பழைய ஏற்பாட்டை மட்டும் படித்துவிட்டு யூதர்கள் இப்படித்தான் என்று பேசுபவர், அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த வாதத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறார். வசனத்தை எடுத்தால், அந்தச் சமூகம் அதை எப்படிப் படித்தது என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

குர்ஆனைக் கையில் எடுப்பவர்கள், முதல் பக்கத்திலிருந்து சரித்திரமாக நகரும் என்று எதிர்பார்த்துக் குழம்புவார்கள். 114 அத்தியாயங்களும் அருளப்பட்ட காலவரிசையில் இல்லை. முதல் அத்தியாயம் போக, பொதுவாக நீளமானவை முன்னால், சிறியவை கடைசியில். முதன்முதலில் அருளப்பட்டதாகப் பெரும்பாலோர் கொள்ளும் வசனங்கள் 96-ஆம் அத்தியாயத்தில்தான் வருகின்றன. தொடர்கதையாக ஒன்று வேண்டுமென்றால் 12-ஆம் அத்தியாயம், யூசுஃப்.

அப்புறம், "பைபிளில் அப்படி ஒரு புத்தகமே இல்லை" என்று அடித்துச் சொல்வதற்கு முன் யாருடைய பைபிள் என்று கேளுங்கள். புராட்டஸ்டன்டுகளுக்கு 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. தோபித்து, மக்கபேயர் என்ற நூல்கள் இந்த வித்தியாசத்தில் வருபவை.

பிறர் நூலுக்கு அருகில் போகும்போது சில மரியாதைகளும் தெரிந்திருக்க வேண்டும். குருத்வாராவுக்குள் தலையை மூடிக்கொள்ளுங்கள், காலணியைக் கழற்றிவிடுங்கள், கிரந்தத்தின் பக்கம் காலை நீட்டி உட்காராதீர்கள். குர்ஆனைத் தரையில் வைக்காதீர்கள். யூதர்கள் தங்கள் வேதமான தோராவை எழுதிய சுருளின் தோலை விரலால் தொடுவதில்லை; படிக்கும் இடத்தைக் காட்டத் தனிக் குச்சி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அங்கிருப்பவரிடமே கேட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.