விவாகரத்தின்போது வீட்டுக்கு மதிப்புப் போடுவது எப்படி?

தமிழ்நாட்டில் கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர் பங்கைப் பணமாகத் தருவதாகப் பேச்சு. அதற்கான வழி இது.

1. பத்திரத்தை எடுங்கள்
திருமணத்துக்குப் பின் வாங்கிய சொத்து தானாகவே பாதிப் பாதி ஆகிவிடும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. கிரயப் பத்திரத்தில் யார் பெயர், பங்கு விகிதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒருவருடையது, பணம் இருவருடையது என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

2. இருவருக்கும் ஒரே மதிப்பீட்டாளர்
ஆளுக்கொருவரை வைத்தால் இரண்டு தொகை வரும், வழக்கு நீளும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைச் சேர்ந்தே அமர்த்துங்கள். தரகர் வாயால் சொல்லும் விலை கோர்ட்டில் நிற்காது. வேலை கொடுக்கும் கடிதத்தில் நோக்கம், எந்தத் தேதியின் மதிப்பு, கட்டணம் எவ்வளவு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிந்த நாளின் விலையா, இன்றைய விலையா என்ற தகராறு அங்கேதான் முளைக்கிறது.

3. காகிதங்கள்
கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வங்கியின் கடன் பாக்கிக் கடிதம்.

4. பார்வையிடும் நாள்
இருவரும் அல்லது இருவர் தரப்பு ஆட்களும் இருக்கட்டும். எல்லா அறையும் திறந்திருக்க வேண்டும். பால்கனியை அடைத்துக் கட்டிய அறை வரைபடத்தில் இல்லையென்றால் பரப்பில் சேருமா என்பதை அப்போதே கேளுங்கள். சூப்பர் பில்டப் பரப்பையும் (சுவர், பொது இடங்களின் பங்கும் சேர்த்தது) கார்ப்பெட் பரப்பையும் (வீட்டுக்குள் புழங்கும் தரை மட்டும்) குழப்பினால் தொகை லட்சக்கணக்கில் மாறும்.

5. கணக்கைச் சரிபாருங்கள்
யூடிஎஸ் (மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) நிலம் தனி, கட்டடம் தனி. (விலைகள் உதாரணத்துக்கு மட்டும்.)

யூடிஎஸ் 450 சதுர அடி × 8,000 = 36,00,000 ரூபாய்.
கட்டடம் 950 சதுர அடி × 2,200 = 20,90,000.
ஆயுள் 60 ஆண்டு, வயது 15, கழிவு மதிப்பு (ஆயுள் முடிந்த பின்னும் மிஞ்சும் விலை) 10 சதவீதம்; தேய்மானம் 15/60 × 90 = 22.5 சதவீதம், அதாவது 4,70,250.
மிச்சம் 16,19,750.
மொத்தம் 52,19,750.

நிலத்தின் விலை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளாக இருக்க வேண்டும். கைடுலைன் வேல்யூ (அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு) பதிவுக் கட்டணத்துக்கானது, சந்தை விலை அல்ல. வங்கிப் பாணி அறிக்கையில் சந்தை மதிப்பு, கைக்கு வரும் மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு என மூன்று தொகை இருக்கும். பணம் தர வேண்டியவர் கடைசித் தொகையைத்தான் காட்டுவார்! யாரும் அவசரமாக விற்கவில்லை என்பதால் சந்தை மதிப்பே அடிப்படை.

6. கடனைக் கழியுங்கள்
பாக்கி 18,00,000 என்றால் பிரிக்க வேண்டியது 34,19,750. சம பங்கானால் ஆளுக்கு 17,09,875.

7. விடுதலைப் பத்திரம்
ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் இது. குடும்ப உறுப்பினருக்கிடையே எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. விவாகரத்துத் தீர்ப்புக்குப் பின் முன்னாள் துணை அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆகவே எப்போது பதிவு செய்வது என்பதை வக்கீலிடமும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் முன்னரே கேளுங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் கூட்டுக் கடன்காரர் என்ற பொறுப்பு போகாது. வீட்டை விட்டுக் கொடுப்பவர், தன் பெயரைக் கடனிலிருந்து நீக்கியதாக வங்கி தரும் கடிதம் கைக்கு வந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.