மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்துத் தூண்டில் போடுங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தூண்டில் பிடித்த முதல் வருஷம் நான் திரும்பத் திரும்பச் செய்த தப்பு ஒன்றுதான். மீன் கடிக்கவில்லையா, இரையை மாற்று. மண்புழு, மைதா உருண்டை, கோழிக்குடல், மறுபடியும் மண்புழு. இப்படியே மதியம் போய்விடும். பத்தடி தள்ளிப் புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வெறும் மண்புழுவில் ஜிலேபி மீனாக எடுத்துக்கொண்டிருந்தார். என்ன இரை என்று கேட்டதற்கு, "இந்த வெயில்ல நீ எங்க உக்காருவ? அங்கதானய்யா அதுவும் இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து இரையைக் கடைசியாகத்தான் மாற்றுகிறேன். முதலில் இடம், அப்புறம் ஆழம், அதற்கு அடுத்து நேரம். இந்த மூன்றும் பருவத்துக்குப் பருவம் மாறும். நான் சொல்வது தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் குளம், வாய்க்கால், ஆற்றுக் கணக்கு. இங்கே மீனுக்கும் காலண்டர் மேட்டூரில்தான் இருக்கிறது. அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும்.

படி 1: சாமான்

பத்து, பன்னிரண்டடி மூங்கில் கம்பு போதும். ரீல் இப்போதைக்கு வேண்டாம். கம்பு நீளத்துக்கு 0.25 மி.மீ. நரம்பு (தூண்டில் நைலான் இழை), மிதந்து கடியைக் காட்டும் ஒரு சின்னத் தக்கை, அதை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு ஈயம், 8 அல்லது 10-ஆம் எண் தூண்டில் முள். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும். இது தெரியாமல் "சின்ன முள்" என்று நினைத்து 2-ஆம் எண் வாங்கி வந்தவன் நான்.

முடிச்சு: நரம்பை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, நுனியைத் தாய்நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். கண்ணை ஒட்டி இருக்கும் சின்ன வளையத்துக்குள் நுனியை நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இழுத்து இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் மண்புழு, கெண்டைக்குப் பிசைந்த மைதா. இரை விஷயம் இவ்வளவுதான்.

படி 2: ஆழம் பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். தக்கை தாங்காத அளவுக்கு ஒரு ஈயத்துண்டை முள்ளில் மாட்டிப் போடுங்கள். தக்கை முழுகினால் அங்கே ஆழம் அதிகம், தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு மிச்சம், கீழே இறக்குங்கள். தலை மட்டும் தெரிந்தபடி நிமிர்ந்து நின்றால் அதுதான் தரை ஆழம். கரையோரமாக நாலைந்து இடத்தில் இப்படிப் பார்த்தால், மேடு எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும். அந்த விளிம்புதான் உங்கள் இடம்.

மிர்கால், கெளுத்தி தரையில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்தண்ணீர் மீன். எதைத் தேடுகிறீர்களோ அதற்கேற்ப தக்கையை நகர்த்துங்கள்.

படி 3: மாசி முதல் வைகாசி வரை

வாய்க்கால் வற்றிவிடும், குளம்தான் கதி. பெரும்பாலான குளங்கள் குத்தகையில் இருக்கும். கேட்காமல் கம்பை நீட்டினால் கம்பு உங்களுடையதாக இருக்காது, எனக்கு அனுபவம் உண்டு.

கோடையில் மீனின் பிரச்சினை பசியைவிட மூச்சுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதிகாலை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். தெளிந்த குளத்துக்கு அது சரி. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் குளத்தில் கதை வேறு. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே ராத்திரி முழுக்க அதைக் குடித்துவிடும், விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பசி என்று நினைக்காதீர்கள், மூச்சுத் திணறுகிறது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் வாருங்கள்.

விராலுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. காற்றையே விழுங்கி மூச்சு விடும். வெங்காயத்தாமரை ஓரத்தில் 'பளக்' என்று ஒரு கொப்புளம் வெடித்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு இந்த நரம்பு பற்றாது. தடித்த நரம்பும் ரப்பர் தவளையும் வேண்டும். உயிர்த் தவளையைக் குத்துவதை நான் விட்டுவிட்டேன்.

படி 4: புதுத்தண்ணீர்

ஆற்றில் தண்ணீர் வந்ததும் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். எல்லோரும் மதகுக்கு நேர் எதிரே, நுரை தள்ளும் இடத்தில் தூண்டில் போடுவார்கள். அந்த இழுப்பில் மீனும் நிற்காது, தக்கையும் நிற்காது. பக்கவாட்டில் தண்ணீர் திரும்பிச் சுழன்று சோம்பலாக நிற்கும் இடம் ஒன்று இருக்கும். ஓடுகிற தண்ணீருக்கும் நிற்கிற தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடுகூடத் தெரியும். மீன் நிற்பது அமைதியான பக்கம், அதற்கு இரை வருவது ஓடுகிற பக்கம். உங்கள் புழுவும் அந்தக் கோட்டை ஒட்டியே மிதந்து வரட்டும்.

ஆடியில் ஆற்றுக்குள் இறங்கி நிற்காதீர்கள். மேலே கூடுதலாகத் திறந்துவிட்டால் மணல் திட்டு தீவாகிவிடும். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு, முழங்கால் தண்ணீரில்கூட நிற்க வேண்டாம்.

படி 5: ஐப்பசி, கார்த்திகை

தண்ணீர் கலங்கிவிடும். கண் உதவாது, மூக்குதான் உதவும். மைதாவை மறந்துவிட்டு மண்புழுவைக் கொத்தாகக் குத்துங்கள். மழை புழுக்களைக் கரையிலிருந்து அடித்துக்கொண்டு வருவதால் மீனும் கரையை ஒட்டியே மேயும். தூரம் வீசினால் வீண். இருட்டும் நேரத்தில் கெளுத்தி தக்கையை ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுபோகும்.

கெளுத்தி வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கவனம். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள் அதற்கு. ஈரத்துணி போட்டு, வயிற்றுப் பக்கமிருந்து, பக்க முட்களுக்குப் பின்னால் பிடியுங்கள். குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் கடுப்பு குறையும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

இந்த மாதங்களில் செவ்வண்ணக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேல்தண்ணீரில் கொதிப்பதுபோல் நகர்ந்தால், கீழே அவற்றைப் பெற்ற விரால் காவலுக்கு நிற்கிறது. அங்கே தூண்டில் போட்டால் கட்டாயம் கடிக்கும், அதனாலேயே போடக் கூடாது.

படி 6: மார்கழி, தை

தண்ணீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். மீனுக்குச் சோம்பல். விடியற்காலையில் பனியில் நடுங்கிக்கொண்டு போவதில் லாபமில்லை, பத்து மணிக்கு மேல் போங்கள். வெயில் விழும் ஆழமில்லாத பக்கம் முதலில் சூடேறும், ஜிலேபி அங்கே வரும். சின்ன முள், சின்னப் புழு. தக்கை முழுகும் என்று காத்திருக்காதீர்கள், லேசாக நடுங்கினாலே இழுங்கள்.

மேட்டூர் மூடித் தண்ணீர் வடிந்ததும் ஒரு நாள் கம்பில்லாமல் வாய்க்காலோரம் நடந்து வாருங்கள். எங்கே பள்ளம், எங்கே வேர் நீட்டிக்கொண்டிருக்கிறது, மதகுக்குக் கீழே எத்தனை அடி குழி விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தரையில் அப்படியே கிடக்கும். கரை மரத்தை அடையாளம் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தண்ணீர் வந்து மூடியபின் ஊரில் யாருக்கும் அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.