மழைக்காட்டு மர விதையை நாற்றாக்குவது எப்படி

பொறுக்கி வந்த விதையை வெயிலில் உலர்த்தாதீர்கள். சிதைந்த மழைக்காட்டை மீட்கும் வேலை பாதி இந்த இடத்தில்தான் கெடுகிறது. தானியத்துக்குச் சரியான பழக்கம் இங்கே நஞ்சு. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் காட்டில் விதை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பெருமரங்கள் பலவற்றின் விதை விழுந்த கையோடு முளைக்கும். ஈரம் வற்றினால் செத்துப்போகும். குளிர்பெட்டியும் உதவாது. வெட்டவெளியில் முதலில் முளைக்கும் முன்னோடி மரங்களின் பொடி விதைகள் மட்டும் மண்ணில் காத்துக் கிடக்கும்.

ஒரே தாய்மரத்தடியில் அள்ளாமல், இனத்துக்குப் பத்து மரங்களிலிருந்தாவது சேகரியுங்கள். ஈரத்துணியில் சுற்றிக் காற்றோட்டமாகக் கொண்டுவாருங்கள். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் விதை புழுங்கிப் பூசணம் பிடிக்கும். காட்டில் பழத்தைத் தின்று கொட்டையைச் சுத்தமாக்கித் தருவது இருவாச்சியும் மரநாயும். அந்த வேலை இப்போது உங்களுடையது: அன்றே மணலோடு தேய்த்துச் சதையை நீக்குங்கள். தண்ணீரில் மிதப்பதையெல்லாம் எறிந்துவிட வேண்டாம், நல்ல விதையே மிதக்கும் இனங்கள் உண்டு. நாலைந்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக, புழுத்துளை இல்லாமல் இருக்க வேண்டும்.

மணல் பாத்தியில், விதையின் தடிமன் அளவே ஆழத்தில், படுக்கவைத்து விதையுங்கள். முதல் இரண்டு இலைகள் விரிந்ததும் 15 × 25 செ.மீ. பைக்கு மாற்றுங்கள், தாமதித்தால் ஆணிவேர் வளையும். கலவை: மேல்மண் 3 பங்கு, மணல் 1, மட்கு 1. கூடவே தாய்மரத்தடி மண் ஒரு பிடி. மழைக்காட்டு மண் பல இடங்களில் சத்துக் குறைந்தது, உயிரோடு நிற்கும் மரங்களிலும் மட்கும் சருகிலும்தான் நிறையச் சத்து இருக்கிறது. அதை உறிஞ்சி வேருக்குத் தரும் பூஞ்சை அந்த ஒரு பிடி மண்ணில் வரும். யூரியா போட்டால் செடி நெட்டையாக வளர்ந்து சாயும், அவ்வளவுதான்.

அடர்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் 1–2 சதவீதம். நிழலில் பிறந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெளுத்து ஓரம் கருகும். 75 சதவீத நிழல்வலையில் தொடங்கி, நடுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் படிப்படியாக நிழலைக் குறையுங்கள்.

நாற்று 40–60 செ.மீ. வந்ததும், மழை தொடங்கும்போது நடுங்கள். 30 செ.மீ. குழி, 2 மீட்டர் இடைவெளி; ஹெக்டேருக்கு 2,500 செடி. பையைக் கிழித்ததும் அடியில் சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள். ஹெக்டேருக்கு நூறு மர இனங்களுக்கு மேல்கூட நிற்கக்கூடிய காடு இது. ஓரிரண்டு இனத்தை மட்டும் நட்டால் அது தோப்பு. இருபது இனமாவது வேண்டும். வெட்டவெளியானால் முன்னோடிகளை முதலில் நட்டு, அவை நிழல் கட்டிய பிறகு மற்றவற்றை நடுங்கள். முதல் மூன்று ஆண்டுகள் புல்லையும் கொடியையும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அகற்ற வேண்டும். நட்டதோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டால் கொடி மூடிவிடும்.

நிலம் காட்டை ஒட்டியே இருந்து, தானாக முளைத்த கன்றுகள் கண்ணில் பட்டால் நடவே வேண்டாம். கொடியை வெட்டி, தீயும் கால்நடையும் அண்டாமல் காத்தால் போதும். விதையைப் பறவைகள் கொண்டுவரும்.