கிளவுட் டேட்டாபேஸ்: பில் எங்கிருந்து வருகிறது, எங்கே கோட்டை விடுகிறோம்

ஆப் ஒன்று கட்டத் தொடங்கும்போது டேட்டாபேஸ் தேர்வு பெரும்பாலும் ஒரே மாலையில் முடிந்துவிடும். நாலைந்து நிறுவனங்களின் விலைப் பக்கங்களைத் திறந்து வைப்போம், ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று ஒப்பிடுவோம், மலிவாகத் தெரிவதில் கணக்குத் தொடங்கிவிடுவோம்.

முதல் தவறு அந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது. ஒரு பயனரின் விவரம் 1 கேபி என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் பயனர்களின் விவரம் சுமார் 1 ஜிபிதான். சின்ன ஆப்களின் பில்லில் சேமிப்பிடத்தின் பங்கு பொடிப்பொடியாகத்தான் இருக்கும். எத்தனை தடவை படிக்கிறோம், சர்வர் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறது, எவ்வளவு டேட்டா வெளியே போகிறது, எத்தனை நகல் வைத்திருக்கிறோம் என்பவைதான் பணத்தை இழுக்கும். இவற்றில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை நீங்கள் வடிவமைக்கும் ஸ்கிரீன்கள். அதனால் விலைப் பக்கத்துக்குப் போகும் முன்பே, எந்த ஸ்கிரீன் திறந்தால் டேட்டாபேஸிடம் என்னென்ன கேட்கப்படும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் போடும் பட்ஜெட் வெறும் ஊகம்.

ஒரு முகப்பு ஸ்கிரீனின் கணக்கு

கூகுளின் கிளவுட் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். அங்கே கட்டணம் ஒவ்வொரு டாக்குமென்ட்டை, அதாவது ஒரு பதிவேட்டை, படிப்பதற்கும் (ரீட்) எழுதுவதற்கும் (ரைட்) அழிப்பதற்கும். இலவச அளவு ஒரு நாளைக்கு 50,000 ரீட், 20,000 ரைட். 50,000 என்பது கேட்க நிறைய இருப்பதாகத்தான் தோன்றும்.

இப்போது ஒரு ஆப்பின் முகப்பு 50 பதிவுகளைக் காட்டுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எழுதியவரின் பெயரும் படமும் வேண்டும் என்பதால் அவருடைய டாக்குமென்ட்டையும் தனியாக எடுக்கிறோம். ஆக, முகப்பு ஒருமுறை திறந்தால் 100 ரீட். 1,000 பேர் ஆளுக்கு ஐந்து தடவை திறந்தால் ஒரே நாளில் 5,00,000. இலவச அளவைப் போல பத்து மடங்கு. இத்தனைக்கும் பயனர்கள் ஆயிரம் பேர்தான், யாரும் இன்னும் எதையும் தேடக்கூட இல்லை.

இதையே கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். எழுதியவரின் பெயரையும் படத்தின் முகவரியையும் பதிவின் டாக்குமென்ட்டுக்குள்ளேயே ஒரு பிரதியாக வைத்துவிடுகிறோம். முதலில் 10 பதிவுகள் மட்டும் காட்டி, கீழே இழுத்தால் அடுத்த 10. பெரும்பாலானவர்கள் முதல் பத்தோடு திரும்பிவிடுகிறார்கள் என்றால் அதே 1,000 பேர், அதே ஐந்து தடவைக்கு 50,000 ரீட். யாராவது தன் பெயரை மாற்றினால் பழைய பதிவுகளிலும் அதை மாற்ற வேண்டிய வேலை ஒன்று சேரும். பெயர் மாற்றுவது அபூர்வம், முகப்பு திறப்பது ஓயாமல் நடப்பது. அதனால் இந்தப் பேரம் லாபம்தான்.

அடுத்த பத்தை எப்படி எடுக்கிறோம் என்பதிலும் ஒரு பொறி உண்டு. முதல் 1,000 பதிவுகளைத் தாண்டி பத்து கொடு என்று ஆஃப்செட் போட்டுக் கேட்டால், தாண்டிய ஆயிரத்துக்கும் சேர்த்துப் பில் வரும். கடைசியாகப் பார்த்த டாக்குமென்ட்டைக் குறித்து வைத்து அதற்குப் பின்னால் கேட்பதுதான் சரி. பாதுகாப்பு விதிகளுக்குள் இன்னொரு டாக்குமென்ட்டை எட்டிப் பார்த்தால் அதுவும் ஒரு ரீட். ஒன்றுமே கிடைக்காத கொயரிக்குக்கூட, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குக்கூட, ஒரு ரீட் உண்டு.

அமேசானின் டைனமோடிபியில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். ஸ்கேன் (டேபிள் முழுவதையும் படிப்பது) போட்டு ஃபில்டர் வைத்தால் ஃபில்டருக்குத் தப்பி வந்த வரிகளுக்கு மட்டும்தான் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபில்டர் வேலை செய்வது படித்து முடித்த பிறகு. 4 கேபிக்கு ஒரு ரீட் யூனிட், உடனடித் துல்லியம் தேவையில்லை என்றால் அதில் பாதி. 2 ஜிபி டேபிளை ஒருமுறை ஸ்கேன் செய்தால், பாதிக் கட்டணத்திலேயே சுமார் 2,62,000 யூனிட். திரும்பி வந்தது பத்து வரியாக இருந்தாலும் அதே கணக்குதான்.

மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டேட்டாபேஸ்களில், அதாவது அமேசானின் ஆர்டிஎஸ், கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல் போன்றவற்றில், இந்த ரீட் எண்ணிக்கைத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. ஆனால் இரவு மூன்று மணிக்கு ஆப்பை ஒருவரும் தொடாவிட்டாலும் மீட்டர் ஓடும். சோதனைக்காகத் திறந்த டேட்டாபேஸை நிறுத்தி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆர்டிஎஸ்ஸில் நிறுத்தியது 7 நாளில் தானாகவே மறுபடி எழுந்துவிடும். நிறுத்திய நாட்களிலும் சேமிப்பிடத்துக்குக் காசு உண்டு.

இரண்டுக்கும் நடுவில், வேலை இல்லாதபோது தூங்கிவிடும் வகை ஒன்றும் இருக்கிறது. நியான் என்ற டேட்டாபேஸ் சேவை, இலவசத் திட்டத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் உறங்கப் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்புக் கருவியை யாராவது டேட்டாபேஸ் வரைக்கும் இணைத்து வைத்திருந்தால், அது கண்ணே மூடாது.

நாளைக்குக் கோடிப் பேர் வருவார்கள் என்ற கற்பனை

பயனர், ஆர்டர், பொருள், பணம் என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் டேட்டாவை, பின்னாளில் ஸ்கேல் ஆகும் என்ற ஒரே காரணத்துக்காக நோஎஸ்க்யூஎல்லில் (ஃபயர்ஸ்டோர், டைனமோடிபி போன்ற, டேபிள்களைக் கோத்துக் கேட்க வசதி குறைந்த வகையில்) கொண்டுபோய் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் போன மாதம் எந்தப் பொருள் அதிகம் விற்றது என்று யாராவது கேட்டதும் திண்டாட்டம் தொடங்கும். டேபிள்களைக் கோத்துக் கேட்கத் தெரிந்த எஸ்க்யூஎல் டேட்டாபேஸான போஸ்ட்கிரேஸில் ஒரு கொயரியில் முடிகிற காரியத்துக்கு இங்கே டேட்டாவை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அதற்கொரு தனி பில்லும் கட்ட வேண்டி வரும்.

என்னைக் கேட்டால், எந்த டேட்டாபேஸ் என்று குழப்பம் இருக்கும்வரை போஸ்ட்கிரேஸ் போதும். அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும் டேட்டாவை அதிலேயே ஜேசன்பி என்ற வகை நெடுவரிசையில் (column) போட்டுக்கொள்ளலாம். கேட்கப்போகும் கேள்விகள் முன்கூட்டியே தெரிந்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை, ஆனால் வேகமும் அளவும் மிகப் பெரியவை என்றால் டைனமோடிபி அருமையான கருவி. அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் யோசிப்பேன்.

இலவசத் திட்டத்தை நம்பி ஆப்பை வெளியிடுவது

கற்றுக்கொள்ளவும் முதல் பதிப்பைக் காட்டவும் இலவசத் திட்டம் போதும். உண்மையான பயனர்கள் வந்த பிறகு அதன் நிபந்தனைகளைப் படித்தீர்களா என்பதுதான் கேள்வி. போஸ்ட்கிரேஸ் தரும் சூபாபேஸ் சேவையில் இலவச ப்ராஜெக்ட் ஒரு வாரம் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் நிறுத்தி வைக்கப்படும், டேட்டாபேஸ் அளவு 500 எம்பி. மாங்கோடிபி அட்லஸின் இலவச அடுக்குக்கு 512 எம்பி. இவை எழுதி வைத்த வரம்புகள், தெரிந்தே போகலாம். எழுதி வைக்காதது ஒன்று உண்டு. இலவசம் என்பதே ஒருநாள் நின்றுபோகலாம். ஆப்களை ஓட்டித் தரும் ஹெரோகு தன் இலவசத் திட்டங்களை 2022 நவம்பரில் நிறுத்தியது. டேட்டாபேஸ் சேவையான பிளானட்ஸ்கேல் 2024இல் நிறுத்தியது. பட்ஜெட் போடும்போது முதல் கட்டண அடுக்கின் விலையை இன்றைக்கே எழுதிக்கொள்வது நல்லது.

கனெக்‌ஷன் தீர்ந்துபோவது

விளம்பரம் ஒன்று கைகொடுத்து, ஆப்புக்கு ஒரே நேரத்தில் கூட்டம் வந்த நாளில்தான் இது பல்லைக் காட்டும். ஆப் டேட்டாபேஸோடு பேசத் திறக்கும் இணைப்புதான் கனெக்‌ஷன். போஸ்ட்கிரேஸின் இயல்பான உச்ச வரம்பு 100 கனெக்‌ஷன், அதிலும் 3 நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டவை. கிளவுட் நிறுவனங்கள் மெமரிக்கு ஏற்ப இதைக் கூட்டிக் குறைக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனும் சர்வரில் ஒரு தனி ப்ராசஸ், அதனால் எண்ணை இஷ்டத்துக்கு ஏற்றிவிடவும் முடியாது. ஆப்பின் பின்பகுதி சர்வர்லெஸ் ஃபங்ஷன்களாக (கேட்கும்போது மட்டும் எழுந்து ஓடும் சின்ன நிரல்களாக) இருந்தால், கூட்டம் வந்ததும் நூற்றுக்கணக்கில் பிரதிகள் எழுந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கனெக்‌ஷனைத் திறக்கும். டேட்டாபேஸின் சிபியு பத்து சதவீதத்தில் சோம்பிக் கிடக்கும்போதே பயனர்களுக்கு எர்ரர் போய்க்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் பதறிப்போய் இரண்டு மடங்கு பெரிய சர்வருக்கு மாறுவதுதான் வழக்கமான வீண் செலவு. நடுவில் பிஜிபவுன்சர் போன்ற ஒரு பூலரை வைத்தால் சில பத்து கனெக்‌ஷன்களை எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்வார்கள். பல நிறுவனங்கள் அதைத் தயாராகவே தருகின்றன. இணைப்பு முகவரியை மாற்றினால் போதும். டிரான்ஸாக்‌ஷன் முறையில், அதாவது ஒரு வேலை முடிந்ததும் கனெக்‌ஷனை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் முறையில், பூலர் ஓடும்போது செஷனை (ஒரே கனெக்‌ஷனின் தொடர்ச்சியை) நம்பியிருக்கும் சில வசதிகள் வேலை செய்யாது என்பதை மட்டும் முன்பே சோதித்துவிடுங்கள்.

பெரிய சர்வர் வாங்கும் அவசரம் இன்னொரு இடத்திலும் வரும். ஒரு ஸ்கிரீன் மெதுவாகிறது, சிபியு ஏறுகிறது, உடனே அடுத்த அளவுக்குத் தாவுகிறோம். அதற்கு முன் அந்தக் கொயரியின் தலையில், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். பெரிய டேபிளின் மேல் ‘சீக் ஸ்கேன்’ (வரிவரியாக முழுவதையும் படிப்பது) என்று வந்து, பல லட்சம் வரிகளைத் தள்ளிவிட்டுச் சில வரிகளைப் பொறுக்கியிருந்தால், தேவை ஒரு இன்டெக்ஸ்தான், புத்தகத்தின் பின்னால் இருக்கும் அகராதி வரிசைப் பட்டியல் மாதிரி. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வருகிறவர்கள் குறிப்பாக இங்கே ஏமாறுவார்கள். அங்கே ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு கோக்கும் இணைப்பு) வைத்தால், அதன் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸையும் போட்டுவிடும். போஸ்ட்கிரேஸ் போடாது, நாம்தான் போட வேண்டும்.

தூரத்துக்கும் விலை உண்டு

ஃபைபருக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டேட்டாபேஸ் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே குறைந்தது 100 மில்லிசெகண்ட். எந்தப் பெரிய சர்வரும் இதைக் குறைக்காது. ஒரு ஸ்கிரீனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக 20 கொயரி என்றால் 2 விநாடி வழியிலேயே கரைந்துவிடும். ஆப் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் (நிறுவனத்தின் சர்வர்கள் இருக்கும் ஊர்ப் பகுதியில்) இருக்க வேண்டும், அந்த ரீஜன் பயனர்களுக்கு அருகில் இருக்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது இயல்பாகத் தேர்வாகி வரும் ரீஜனை அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பின்னால் மாற்றுவது என்றால் பெரும்பாலும் டேட்டாவை முழுசாகக் குடிபெயர்க்க வேண்டும்.

டேட்டா உள்ளே வருவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வெளியே போவதற்குத்தான். ஆப் சர்வரையும் டேட்டாபேஸையும் வெவ்வேறு நிறுவனங்களில் வைத்தால் ஒவ்வொரு பதிலும் வெளியே போகும் டேட்டா ஆகிவிடும். படங்களையும் வீடியோக்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே திணிப்பதும் இந்தச் செலவைத்தான் வீங்க வைக்கிறது. ஃபயர்ஸ்டோரில் ஒரு டாக்குமென்ட்டுக்கு 1 எம்பி, டைனமோடிபியில் ஒரு ஐட்டத்துக்கு 400 கேபி என்று உச்ச வரம்பே இருக்கிறது. ஃபைல்களை அமேசானின் எஸ்3 போன்ற ஃபைல் சேமிப்பில் போட்டு, டேட்டாபேஸில் முகவரியை மட்டும் வையுங்கள்.

பட்ஜெட் அலர்ட் கதவைச் சாத்தாது

கூகுள் கிளவுடில் பட்ஜெட் என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் செலவு போகாது என்று நினைப்பது ஆபத்தான நம்பிக்கை. அது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். செலவுக் கணக்கும் உடனுக்குடன் வராது, மணிக்கணக்கில் பின்தங்கி வரும். தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன், மெயில் வருவதற்குள் மாதப் பட்ஜெட்டைத் தின்றுவிடலாம். ஃபயர்ஸ்டோர் அடங்கிய ஃபயர்பேஸின் இலவசத் திட்டத்தில் வரம்பு தாண்டினால் சேவை நிற்கும். கட்டணத் திட்டத்தில் சேவை நிற்காது, பில் ஏறும். எங்கே உச்ச வரம்பு போட முடியுமோ அங்கே போட்டுவிடுங்கள். டைனமோடிபியில் ஆன்-டிமாண்ட் டேபிளுக்கும் அப்படி ஒரு வரம்பு வைக்கலாம்.

பேக்கப்பும் வெளியேறும் வழியும்

பேக்கப் ஆன் ஆகியிருக்கிறது என்ற டிக் குறியைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் இந்த வரிசையிலேயே விலை உயர்ந்த தவறு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லாபில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போயிற்று. பேக்கப்பைத் தேடினால், தினசரி எடுக்க வேண்டிய பிஜிடம்ப் (போஸ்ட்கிரேஸ் டேட்டாவைப் பிரதி எடுக்கும் கருவி) தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் முழு நகல்) காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே விலாவாரியாக எழுதி வெளியிட்டது என்பதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ரெப்ளிகாவை, அதாவது முதன்மை டேட்டாபேஸைப் பின்தொடரும் நேரடி நகலை, பேக்கப் என்று எண்ணுவதும் இதே ரகம். தவறான டெலீட் ஒன்று ரெப்ளிகாவுக்கும் சில நொடிகளில் போய்ச் சேரும். பட்ஜெட்டில் பேக்கப்புக்கான இடத்தையும், மீட்டெடுத்துப் பார்க்கத் தற்காலிகமாகத் திறக்கும் டேட்டாபேஸின் சில மணி நேர வாடகையையும் சேர்த்துவிடுங்கள்.

பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும் அந்தச் சோதனையை வேறு நிறுவனத்தின் சர்வரிலோ உங்கள் சொந்தக் கணினியிலோ செய்து பார்த்தால் இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்: இந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன செய்வோம்? ஃபானா என்ற டேட்டாபேஸ் சேவை 2025 மார்ச்சில் மூடல் அறிவிப்பு விட்டு மே மாத இறுதியில் நின்றது. தனக்கென்று தனிக் கொயரி மொழி வைத்திருந்த சேவை அது. அதை நம்பியிருந்தவர்களுக்கு டேட்டாவை எடுப்பதோடு ஆப்பின் நிரலையும் திருப்பி எழுத வேண்டிய வேலை, கையில் இருந்ததோ இரண்டரை மாதம் கூட இல்லை. போஸ்ட்கிரேஸ் என்றால் ஒரு பிஜிடம்ப் எடுத்து இன்னொரு இடத்தில் ஏற்றி, ஆப்பின் இணைப்பு முகவரியை மாற்றி, முகப்பு ஸ்கிரீன் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்தப் பட்ஜெட் தாளிலேயே குறித்து வையுங்கள். டேட்டா வளர வளர அந்த நேரமும் வளரும்.