வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்புத் தரவுகளைப் பிழையின்றி அனுப்புவது எப்படி?

அமெரிக்காவில் பெற்றோரிடம் பாதுகாப்பாக இருக்க முடியாத குழந்தையை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்து, உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்கும்போது, அந்தக் குழந்தையைப் பற்றிய விவரங்கள் ஆண்டுக்கு இருமுறை மத்திய அரசுக்குச் செல்கின்றன. இந்தத் தரவுத் திட்டத்தின் பெயர் அஃப்கார்ஸ். இதற்கான விதிகள் முதன்முதலில் 1993-இல் வெளியாயின. 2020-இல் திருத்தப்பட்ட விதிகள் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தத்தெடுப்புக்கான ஊக்கத்தொகையும், பராமரிப்பில் வளர்ந்து வெளியேறும் இளைஞர்களுக்கான நிதிப் பங்கீடும் இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவாகின்றன.

மாநிலத் துறையொன்றில் தரவுப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; விரிதாளை வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் தெரிந்தால் போதும்.

படி 1: எதை, எப்போது அனுப்புகிறோம்?

அனுப்ப வேண்டிய கோப்புகள் இரண்டு. ஒன்று, வீட்டுக்கு வெளியே பராமரிக்கப்படும் குழந்தைகளைப் பற்றியது. மற்றொன்று, தத்தெடுப்புக்கும் பாதுகாவலர் ஏற்பாட்டுக்கும் உதவித்தொகை பெறும் குழந்தைகளைப் பற்றியது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரையாண்டுக்கு மே 15-க்குள்ளும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு நவம்பர் 14-க்குள்ளும் கோப்புகள் போய்ச் சேர வேண்டும். அரையாண்டு முடிந்த பிறகு கிடைப்பது 45 நாட்கள் மட்டுமே. அந்த நாட்களில்தான் சரிபார்ப்பைத் தொடங்குவது என்றால் வேலை முடியாது.

படி 2: பிழைகளின் வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

விதிகள் ஐந்து வகைப் பிழைகளைச் சொல்கின்றன. விவரம் இல்லாமை, செல்லாத விவரம், ஒரே பதிவுக்குள் இரண்டு விவரங்கள் முரண்படுதல், ஒரே விடை கோப்பு முழுவதும் சந்தேகப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருதல், தாமதமான பதிவு ஆகியவையே அவை. ஐந்தாவது வகை பலருக்குப் புதிதாக இருக்கும். குழந்தையைப் பொறுப்பேற்றதையும், குழந்தை பராமரிப்பிலிருந்து வெளியேறியதையும் 30 நாட்களுக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய நாளைக் கணினியே குறித்துக்கொள்வதால் அதைப் பின்னர் மாற்ற இயலாது. பிழை விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த கோப்புக்கான கெடுவுக்குள் திருத்திய கோப்பை அனுப்ப வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிர்வாகச் செலவுக்கான மத்திய நிதியில் பிடித்தம் உண்டு.

படி 3: காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் தவறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு குழந்தைக்கு உடல்நலக் குறைபாடு ஏதும் கண்டறியப்பட்டதா என்ற கேள்விக்கு விடை பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோப்பைத் தயாரிக்கும் மென்பொருள் அந்தக் கட்டத்தில் தானாகவே 'இல்லை' என்று நிரப்பும்படி அமைக்கப்பட்டிருந்தால், பிழைப்பட்டியல் சுத்தமாக இருக்கும். ஆனால் பரிசோதனையே நடக்காத ஒரு குழந்தை, பரிசோதனையில் நலமாக இருப்பதாகத் தேறிய குழந்தையாகிவிடும். பரிசோதனை நடந்து குறைபாடு இல்லை என்பதும், பரிசோதனையே நடக்கவில்லை என்பதும், நடந்ததா என்பதே பதிவாகவில்லை என்பதும் வெவ்வேறு நிலைகள். சேகரிக்கப்படாத விவரத்தைச் செல்லுபடியாகும் ஒரு விடையாக மாற்றி அனுப்புவதை விதிகளும் அனுமதிப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கட்டத்துக்கும் விடைவாரியாக எண்ணிக்கை எடுத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளில் ஒருவருக்குக்கூடக் குறைபாடு இல்லை என்று ஒரு பட்டியல் சொல்லுமானால், குழந்தைகளைப் பார்த்து யாரும் அதை எழுதவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். காலிக் கட்டங்களைக் குறைக்க எல்லாக் கட்டங்களையும் கட்டாயமாக்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு பதினொரு மணிக்குக் குழந்தையோடு காத்திருக்கும் களப்பணியாளரிடம் தாயின் பிறந்த தேதியைக் கேட்டு, அதைத் தராமல் அடுத்த பக்கம் போக முடியாது என்று திரை மறித்தால், அவர் 1900 ஜனவரி 1 என்று போட்டுவிட்டு நகர்வார். அந்தப் பொய்த் தேதியைவிடக் காலிக் கட்டமே மேலானது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்றாவது அது சொல்லும்.

படி 4: ஒரு பதிவை எடுத்துத் தேதிகளை வரிசையாகப் படியுங்கள்

பிறந்த நாள், பொறுப்பேற்ற நாள், குடும்பத்தில் ஒப்படைத்த நாள், வெளியேறிய நாள் ஆகியவை இதே வரிசையில் அமைய வேண்டும். கற்பனையான ஒரு பதிவைப் பார்ப்போம்: பொறுப்பேற்ற நாள் 2023 ஜூன் 3, பாட்டியிடம் ஒப்படைத்த நாள் 2023 ஜூன் 1, வெளியேறிய நாள் 2025 பிப்ரவரி 12, வெளியேறிய காரணம் தத்தெடுப்பு, பெற்றோரின் உரிமை நீங்கிய நாள் காலி.

பொறுப்பேற்பதற்கு முன்பே ஒப்படைக்க இயலாது என்பதால் முதல் இரண்டு தேதிகளில் ஒன்று தவறு. குழந்தை உண்மையில் ஜூன் 1-ஆம் தேதியே பிரிக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவின் தேதியைப் பணியாளர் தவறாகப் பொறுப்பேற்ற நாளாக எழுதியிருக்கலாம். அல்லது முதல் இரண்டு நாட்கள் பாட்டி வீட்டில் இருந்தது குடும்பத்தாரே செய்துகொண்ட ஏற்பாடாகவும் இருக்கலாம். எது உண்மை என்பதை வழக்குக் கோப்பு மட்டுமே சொல்லும். நமக்குத் தோன்றியபடி ஒரு தேதியை மாற்றிவிடக் கூடாது. தத்தெடுப்பு என்றால் அதற்கு முன் பெற்றோரின் உரிமை நீங்கியிருக்க வேண்டும்; ஆனால் அந்த நாள் காலியாக இருப்பதற்கும் இதுபோலவே இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பெற்றோர் இறந்திருக்கலாம், அல்லது உத்தரவு வந்தும் அதைத் துறையின் சட்டப் பிரிவினர் கணினியில் இன்னும் ஏற்றாமல் இருக்கலாம். கடைசியாக, பிப்ரவரி 12 என்பது நீதிமன்றம் தத்தெடுப்பை உறுதிசெய்த நாள்தானா, அல்லது தத்தெடுக்கப்போகும் குடும்பத்துக்குக் குழந்தை குடிபெயர்ந்த நாளா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 5: எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். சென்ற அரையாண்டின் முடிவில் பராமரிப்பில் இருந்தவர்களோடு புதிதாக வந்தவர்களைக் கூட்டி, வெளியேறியவர்களைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, 412 குழந்தைகள் இருந்து, 58 பேர் வந்து, 63 பேர் வெளியேறியிருந்தால் இப்போது 407 பேர் இருக்க வேண்டும். கோப்பில் 399 பேர் மட்டும் இருந்தால், அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடிக்காமல் கோப்பை அனுப்பாதீர்கள்.

கூடவே, ஒரே குழந்தைக்கு இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீடு திரும்பிய குழந்தை சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பராமரிப்புக்கு வரும்போது, பெயரின் எழுத்துகள் சற்று மாறியிருந்தால் புதிய எண் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை முதன்முறையாக வருவதாகத் தரவு காட்டும். முன்பு வீட்டுக்கு அனுப்பிய முடிவு பலன் தரவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. பிறந்த தேதி, தாயின் பெயர் இரண்டையும் வைத்து வரிசைப்படுத்தினால் இத்தகைய இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

படி 6: பிழையை அது பிறந்த இடத்திலேயே திருத்துங்கள்

அனுப்பும் கோப்பில் மட்டும் கைவைத்துத் திருத்தினால், அடுத்த அரையாண்டில் அதே பிழை திரும்பி வரும். எனவே பட்டியலைக் களப்பணியாளரிடம் கொடுத்து, மூலப் பதிவில் திருத்தச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஐந்தாறு பதிவுகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். "முரண்பாட்டுப் பிழை" என்று எழுதாமல், "பாட்டியிடம் விட்டது ஜூன் 1-ஆம் தேதியா, 3-ஆம் தேதியா? உத்தரவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள், விடை அன்றைக்கே வரும். ஒரே கட்டத்தில் பலரும் தவறுகிறார்கள் என்றால் கேள்வியின் சொற்களையோ திரையின் வரிசையையோ மாற்ற வேண்டும். அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு முறை பதிவு செய்வதைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.

படி 7: அனுப்பிய பின்

எந்தப் பதிவில் எதை, எந்த ஆவணத்தைப் பார்த்து, யார் மாற்றினார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குழந்தையின் பெயரை அதில் எழுதாமல் பதிவு எண்ணை மட்டும் குறியுங்கள். கோப்பை மே 15-க்குள் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அதற்குள் அடுத்த அரையாண்டின் ஏப்ரல் மாதப் பதிவுகள் வந்து சேர்ந்திருக்கும், அவற்றில் 30 நாள் கெடுவைத் தாண்டியவை எவை என்ற பட்டியலை மறுநாளே எடுத்துவிடலாம்.