ராத்திரியில் வெளுத்துப்போன கேமரா

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே மாந்தோப்பு. காய்ப்பு நேரத்தில் ராத்திரி யார் உள்ளே நுழைகிறார்கள் என்று பார்க்க, கிருஷ்ணகிரியில் ஒரு வைஃபை கேமரா வாங்கினேன். ஒரே கேமராவுக்கு டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் தண்டச் செலவு; மெமரி கார்டே போதும்.

முதலில் வைஃபையில் சேரவே மாட்டேன் என்றது. இந்த விலைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தன. தனித்தனிப் பெயர் வைத்ததும் சேர்ந்துகொண்டது.

பெரிய தலைவலி ராத்திரிப் படம்தான். பகலில் பளிச்சென்று தெரியும். இருட்டினால் ஒரே வெள்ளைப் புகை. மட்டமான சாமான் என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். இருட்டில் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும். எலக்ட்ரீஷியன் கேமராவை வெள்ளையடித்த சன்ஷேடுக்கு ஒட்டினாற்போல் மாட்டியிருந்தார். அந்த வெளிச்சம் சன்ஷேடில் பட்டு லென்ஸுக்கே திரும்பியது. போதாக்குறைக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை. அது ஆடும்போதெல்லாம் போனில் 'ஆள் நடமாட்டம்' என்று மணி! கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, முகத்தைத் தோப்புப் பக்கம் சாய்த்தேன். ஓரத்தில்கூடச் சுவர் தெரியக்கூடாது. இப்போது கேட்டின் கம்பிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. ஒட்டடைக் குச்சிக்கு மட்டும் அடிக்கடி வேலை இருக்கிறது.

அப்புறம் கரண்ட் கட். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டேன். கேமராவின் அடாப்டர் 5 வோல்ட். அதே யுபிஎஸ்ஸில் 5 வோல்ட் அவுட்புட்டும் இருந்ததால் இரண்டும் அதிலேயே ஓடுகின்றன.