ஓய்வு பெற்ற ஃபுட்டி வீரரின் கணக்கை வாசிப்பது எப்படி?

மெல்பேர்ணில் இருக்கிற மச்சான் யாரோ ஒரு பழைய ஃபுட்டி (முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம்) வீரரின் விபரத்தை வட்ஸ்அப்பில் போட்டு "எப்பிடி ஆள்?" என்று கேட்டால், கிளிநொச்சியில் இருந்துகொண்டு என்னத்தைச் சொல்வது? கோல் என்றால் ஒன்று என்று உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த எனக்கும் முதலில் தலை சுற்றியது.

சரி, புள்ளியில் தொடங்குங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையால் உதைத்தால் 6, நடுக் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் இடையால் போனால் 1. 11.14 (80) என்றால் 11 கோல், 14 ஒற்றைப் புள்ளி, மொத்தம் 80.

அடுத்தது, கோல் தொகையைப் பார்த்து ஆளை எடை போடாதீர்கள், எந்த இடத்தில் ஆடினார் என்று பாருங்கள். டோனி லொக்கெட் 281 ஆட்டங்களில் 1360 கோல், ஆனால் அவர் கோலுக்கு முன்னாலேயே நிற்கிறவர். ஜிம் ஸ்டைன்ஸ் 264 ஆட்டங்களில் வெறும் 130. அவர் ரக், அதாவது நடுவர் மேலே எழுப்பும் பந்தை எம்பித் தட்டித் தன் ஆட்களுக்குக் கொடுக்கிற நெடுவல். அவருடைய வரியில் தேடவேண்டியது வேறு: இடைவிடாமல் 244 ஆட்டம், 1991இல் பிரவுன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டம் முடியவும் நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று போடும் வாக்குகளைக் கூட்டிக் கொடுப்பதுதான் அந்தப் பதக்கம், அதனால் கோல் அடிக்காதவருக்கும் கிடைக்கும்.

எண்ணில் வராததையும் கேட்டுப் பாருங்கள். ஸ்டைன்ஸ் அயர்லாந்துக்காரர், உருண்டைப் பந்தோடு கேலிக் உதைபந்து ஆடிவிட்டு 1984இல் மெல்பேர்ண் கழகத்துக்கு வந்தவர். 1987இல் இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில், கடைசி நேரத்தில், உதைக்க நின்ற எதிரணியான ஹோதோர்ன் கழக வீரருக்கு முன்னால் குறுக்கே ஓடிவிட்டார். அதற்குத் தண்டனையாக நடுவர் உதைக்கும் இடத்தை 15 மீற்றர் முன்னே தள்ளிக் கொடுத்தார், ஆட்டம் முடியும் சைரனுக்குப் பிறகு அந்த வீரர் உதைத்த பந்து கோல். மேலே சொன்ன 11.14 அந்த ஆட்டத்து ஹோதோர்ன் கணக்குத்தான். மெல்பேர்ண் 10.18 (78). இப்போது அதை நீங்களே வாசிக்கலாம்!

விளையாட்டை விட்ட பிறகு என்ன செய்தார் என்பதையும் விடாதீர்கள். ஸ்டைன்ஸ் 2008இல் அதே மெல்பேர்ண் கழகத்தின் நிர்வாகத் தலைவரானார், 2012இல் புற்றுநோயால் இறந்தார்.

மச்சானுக்குப் பதில் எழுதும்போது தீர்ப்புச் சொல்ல வேண்டாம், "எந்த இடத்தில ஆடினவர்?" என்று மட்டும் கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஃபோனை வைக்க விடமாட்டார்.